ரோஜாப்பூ போட்ட டப்பா

கார் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது.

ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் மூடுலாரிகள் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். அப்படித் திரும்பிய ஒன்றில், நேபாள எல்லையில் நின்றிருந்த எங்கள் காரை ஏற்றிவிடக் கம்பெனியில் ஒருவர் பேசி ஏற்பாடு செய்திருந்தார். சேரப்பணஞ்சேரியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குச் சற்று முன்னால், கல் மட்டும் நட்டுப் போட்டிருக்கும் மனைகளுக்கு நடுவே லாரி நின்றது. பின்கதவு திறந்தது. நீளமான அந்த இருட்டின் கோடியில் ஒரே ஒரு கார். நான்கு சக்கரங்களிலும் பட்டை இறுக்கி, யாரையோ பிடித்துக் கட்டி உட்காரவைத்தது போல இருந்தது.

லாரி ஓட்டி வந்தவர் ஆறுமுகநயினார். சங்கரன்கோவில் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் காரை இறக்கும்போது அதன் உள்ளே அவர் பார்க்கவில்லை. கதவு வழியாகக் கையை மட்டும் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தள்ளச் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்கப்படாது."

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்த வண்டிய வழில எவனும் ஸ்டார்ட் பண்ணல. சாவி என் இடுப்புலதான் கெடந்துச்சு. ஜான்சி தாண்டிப் பட்டையை இறுக்குதேன்னு உள்ள போனேன். அடியில கை பட்டுட்டு." வலக்கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்து பழுப்பேறியிருந்தது. "அடுப்புல வச்ச சட்டி கணக்கா சுட்டுட்டு தம்பி, அந்தச் சைலன்சர்."

"வெயில்ல..."

"மூடுன லாரியில வெயிலு எங்கேருந்து வரும்?"

நான் லாரியின் கூரையைப் பார்த்தேன்.

"பொறவு இந்தப் பின் கண்ணாடி. நாலு விரக்கட எறங்கி நிக்கும். சாவியப் போட்டு ஏத்திவிட்டா, அடுத்த டோல்ல பாத்தா மறுபடி எறங்கி நிக்கும். ஒயர்ல என்னமோ கோளாறு. பாத்துக்கிடுங்க." தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். டீ சாப்பிட அழைத்தேன். வேண்டாம் என்றார். லாரியைத் திருப்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கூட வந்தவங்க நல்லா இருக்காங்கள்லா?" என்று கேட்டார்.

என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இடது பக்கப் பின் கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருந்தது. ஜோதி உட்கார்ந்திருந்த பக்கம்.

*

வீட்டுக்கு ஓட்டிப் போனேன். கூப்பிடு தூரம். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். அடியில் பட்பட்டென்று சத்தம். உள்ளே ஊசிப்போன எண்ணெய்ப் பலகாரத்தின் வாசனை. அதற்கு மேலே, மெல்லிதாக, எலுமிச்சை சோப்பு வாசனை. வீட்டு ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு இறங்கியபோது இரண்டு நெற்றிப்பொட்டும் வலியில் தெறித்தன.

அந்தத் தலைவலியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. கார்களுக்குச் சைலன்சர் பைப் செய்யும் கம்பெனி. நான் புரொடக்‌ஷன். ஜோதி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். இருவரும் இன்ஜினியர்கள், ஒரே வருடம் சேர்ந்தவர்கள். மாதக் கடைசி ஆனால் எங்களுக்குள் சண்டை வரும். எனக்கு லோடு கிளம்ப வேண்டும். அவளுக்குப் பைப் கசியக் கூடாது. வண்டிக்குள் கசிகிற புகை தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும் என்பாள். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்ப்பாள். காற்றுக் குமிழாக ஒரு முட்டை கிளம்பினாலும் பைப் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். தேறியதற்கு மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள், புள்ளிக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு. ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஓர் அடையாளம் உண்டு. அது அவளுடையது.

நான் மேலே போய் டீவியேஷன் வாங்கி வருவேன். குறை இருக்கிறது, இருந்தாலும் இந்த ஒரு முறை போகட்டும் என்று விடுவதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அதோடு போய் நின்றால் அவள் ஒதுங்கிக்கொள்வாள்.

"போவட்டும். என் மார்க் வெக்க மாட்டேன். வேணும்னா நீ வெச்சுக்கோ பிரவீன்."

அப்படிச் சண்டை போட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் மண்ணூர்க்காரி. அவர்கள் வீட்டில் முதலில் பேசவில்லை, பிறகு அளவுக்கு மீறிப் பேசினார்கள்.

முக்திநாத்துக்குக் காரிலேயே போகலாம் என்றது நான்தான். நேபாளம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கிளம்பும் அன்று அத்தை ஒரு பெரிய தகர டப்பா நிறைய முறுக்கு கொடுத்தார். தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பிஸ்கட் டப்பா. மூடியிலும் பக்கங்களிலும் சிவப்பு ரோஜாப்பூ.

"டப்பாவ மறக்காம எட்தாந்துடு ஜோதி," என்றார் அத்தை. "போன தபா சம்படத்தத் தொலச்சிட்டு வந்து நின்ன."

வழியெல்லாம் ஏதாவது ஒன்று பழுதானது. நாக்பூர் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன். போக்ராவில் வைப்பர் கழன்றது. அவள் தலைக் கிளிப்பைப் போட்டு ஓட்டினேன். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து லைன் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்களாக வந்து விழுந்தன. எனக்குப் பிடித்திருந்தது.

காளிகண்டகி ஆற்றை ஒட்டிய பாதையில் ஒரு கல் அடித்தது. சைலன்சர் பைப், முன்சீட்டுக்கு நேர் கீழே, பாதி வட்டம் கிழிந்துவிட்டது. அதே இடத்தில் காரின் அடித்தட்டில் இருந்த ரப்பர் மூடி ஒன்றும் தெறித்துப் போயிருந்தது. ஊர் எதுவும் கண்ணில் படவில்லை. முறுக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிவிட்டு டப்பாவை வெட்டினேன்.

"அம்மா கேப்பாங்க," என்றாள் ஜோதி.

"வேற டப்பா வாங்கித் தரலாம்."

"அவங்களுக்கு அதேதான் வேணும். உனக்குத் தெரியாது எங்கம்மாவ."

தகரத்தைப் பைப்பைச் சுற்றி வளைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன். ரோஜாப்பூ வெளிப்பக்கம் வந்தது. அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன். அவள் லாட்ஜிலிருந்து எடுத்து வந்த எலுமிச்சை சோப்பைத் தண்ணீரில் கரைத்து, இன்ஜினை ஓடவிடச் சொல்லி, குனிந்து தகரத்தின் ஓரமெங்கும் தடவினாள்.

முட்டை முட்டையாகக் கிளம்பியது.

"ரிஜெக்ட்," என்றாள். சிரிக்கவில்லை. "கசியுது பிரவீன். கீழ இருக்கற ஊருக்கே திரும்பிடலாம். வெல்டிங் வெச்சுட்டு நாளைக்குப் போவலாம்."

"ஜோம்சோம் பக்கத்துலதான். டீவியேஷன்ல விடு."

அவள் கைப்பையிலிருந்த மஞ்சள் பேனாவை எடுத்து, தகரத்தின் மேல் நானே ஒரு புள்ளி வைத்தேன்.

"அது என் மார்க் இல்ல," என்றாள். பின்சீட்டில் இடது ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

எதிரே வண்டிகள் வரும்போதெல்லாம் புழுதி. கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டுப் பட்டனை அழுத்திவிட்டேன். என் பக்கம் மட்டும் பாதி திறந்திருந்தது. பாதையின் விளிம்பைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது.

"தலை வலிக்குது."

"மலை ஏறினா வலிக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே சொன்னாள். பட்டனை அழுத்தும் சத்தம் பின்னால் கேட்டது. டக். டக்.

"கண்ணாடிய எறக்கேன்."

"தூசி வரும். தூங்கு."

தூங்கினாள்.

ஜோம்சோமில் நிறுத்தியபோது அவள் கன்னங்கள் சிவந்திருந்தன. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. எழுப்ப மனமில்லாமல் கீழே இறங்கி ஒரு டீ குடித்தேன்.

மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. இங்கேயும் அதையே சொன்னேன். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அத்தை அவள் பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த ரோஜாப்பூ டப்பா எங்க மாப்ள?"

தொலைந்துவிட்டது என்றேன்.

*

கார் வந்த மறுநாள் மாமா வந்தார். தசரதன் என்று பெயர். நிலத்தில் பாதியைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் இன்னும் நெல் போடுகிறவர். தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றார். பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வித்துடாதீங்க மாப்ள. எம் பொண்ணு ஒக்காந்துகினு போன வண்டி."

"விக்கல மாமா."

"சும்மா வெச்சுகினு இன்னா பண்ணப் போறீங்க? நம்ம சசிக்கு உட்டுருவோம். எங்க அண்ணன் பையன் லோகேஷ் ஓட்டுவான். சுங்குவார்சத்திரம் போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வருது. ஒரு பொண்ணக் குட்துட்டேன். இன்னொண்ண அந்த லாரிங்களுக்கு நடுவுல ஸ்கூட்டில உட மாட்டேன்."

சசிரேகா ஜோதியின் தங்கை. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை.

கொஞ்சம் ரிப்பேர் இருக்கிறது என்று சொன்னேன்.

"இன்னா ரிப்பேரு?"

அவர் கண் என் மேலேயே இருந்தது. சைலன்சர் என்று சொன்னால் காட்டச் சொல்வார். காட்டினால் ரோஜாப்பூவைப் பார்ப்பார்.

"சின்னதுதான். நான் பாத்துக்கறேன்."

அவர் போன பிறகு குறடும் சாக்கும் எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போனேன். அந்தத் தகரத்தைக் கழற்றிப் புதைத்துவிட்டு, ஒரகடத்தில் எங்காவது புதுப் பைப் மாட்டிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இன்னும் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்து, நகர்ந்து நகர்ந்து உள்ளே போனேன்.

முதலில் வாசனைதான் வந்தது.

எலுமிச்சை.

தகரம் ஈரமாக இருந்தது. கூரை நீர் என்று நினைத்தேன். விரல் வைத்தேன். வழுக்கியது. தகரத்தின் ஓரம் முழுக்க, அவள் தடவிய அதே கோட்டில், சோப்பு நுரை. இப்போதுதான் யாரோ தடவிவிட்டு எழுந்து போனது போல.

இன்ஜின் அணைந்திருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நுரையில் ஒரு முட்டை கிளம்பியது.

மெதுவாகப் பெரிதானது. என் முகம் அதில் தெரிந்தது. உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

யாரோ உள்ளேயிருந்து மூச்சு விடுவது போல, விட்டு விட்டு.

நான் வைத்த மஞ்சள் புள்ளியைத் தேடினேன். அந்த இடத்தில் பெயின்ட் இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்த கீறல்கள் மட்டும் இருந்தன. ரோஜாவின் இதழ் வரைக்கும் போன கீறல்கள்.

குறடை நீட்டிக் கம்பியைத் தொட்டேன். இரும்பு வழியாகச் சூடு ஏறி உள்ளங்கையைச் சுட்டது. கத்திக்கொண்டு வெளியே நகர்ந்தேன். என் தலைக்கு மேலே, காருக்குள், ஒரு சத்தம் கேட்டது.

டக். டக்.

உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். காலையில் விடிந்ததும் கழற்றலாம் என்று சொல்லிக்கொண்டேன். வேலைக்கு விடுப்பு சொன்னேன். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டு மாத்திரை.

*

விடிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் கண் திறந்தேன். வெளியே பேச்சுக்குரல். மாமா, லோகேஷ், சசிரேகா. மாமா கையில் ஒரு முழம் பூ. நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மாற்றுச் சாவி ஜோதியின் பெட்டியில் இருந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

லோகேஷ் ஸ்டார்ட் செய்தான். பட்பட்பட்.

"இன்னா மாமா," என்றாள் சசிரேகா என்னைப் பார்த்து. "சைலன்சர் கம்பெனில வேலை பாத்துகினு சொந்த வண்டிய இப்டி வெச்சினு கீறீங்க. ஊர்ல கேட்டா மானம் போவும்."

"மாப்ள பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு," என்றார் மாமா. "சாயங்காலம் வந்ததும் குட்துடலாம். நல்ல நேரம் போவுது, ஏறும்மா."

அவள் பின்சீட்டில் ஏறினாள். இடது பக்கம். அக்காவைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சீட்டின் மேல் மடித்துக்கொண்டாள். தூறல் போட்டது. லோகேஷ் கண்ணாடிகளை ஏற்றினான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மாமா என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். மகனில்லாத மனிதர். அந்தக் கை எடுக்கப்பட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

"தூங்கிடாத சசி," என்றேன்.

"காலைல யாரு மாமா தூங்குவா?"

கார் போனது. மாமா பைக்கை எடுத்துக்கொண்டு மண்ணூருக்குக் கிளம்பினார். நான் அங்கேயே நின்றேன். தகரக் கூரைக்குக் கீழே, கார் நின்ற இடத்தில், தரையில் சின்னச் சின்ன நுரை வட்டங்கள் வரிசையாகக் கிடந்தன. கார் போன பக்கமாக. ஈரக் கையை ஊன்றி யாரோ தவழ்ந்து போனது போல.

பைக்கை எடுத்தேன்.

ஒரகடம் சந்திப்பு அடைத்துக் கிடந்தது. கார்கள், கம்பெனி பஸ்கள், கன்டெய்னர்கள். மழை வலுத்தது. பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"மாமா..." குரல் கனத்திருந்தது. "டிராஃபிக்குல மாட்டிகினு இப்பத்தான் மெதுவா போறோம். தலை வலிக்குது. ஒரு மாதிரி தூக்கமா வருது."

"கண்ணாடிய எறக்கு. உடனே எறக்கு."

"அமுத்தறேன். எறங்கல மாமா. லாக் போட்டுக்கீறான் போல."

டக். டக். போனில் கேட்டது.

"லோகேஷ்ட்ட சொல்லு. வண்டிய நிறுத்தச் சொல்லு. சசி! இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லு!"

மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மூச்சு நிதானமாக. அதோடு சேராமல், பக்கத்திலேயே, இன்னொரு மூச்சு.

பிறகு கண்ணாடி இறங்கும் மோட்டார் சத்தம். ர்ர்ர்ரென்று நீளமாக.

பிறகு சசிரேகாவின் அலறல்.

இணைப்பு அறுந்தது.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில், கன்டெய்னர்கள் அடுக்கிய ஒரு காலி இடத்தின் வேலி ஓரமாகக் கார் நின்றிருந்தது. நான்கு கண்ணாடிகளும் முழுதாக இறங்கியிருந்தன. மழை உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. சசிரேகா வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். அவள் கன்னங்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன.

லோகேஷ் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நான் தொடவே இல்லண்ணா. சத்தியமா. நாலு கண்ணாடியும் ஒண்ணா எறங்குச்சு. வண்டி தானா ஆஃப் ஆச்சு. சாவி இன்னும் ஆன்லதான் கீது பாருங்க."

சசிரேகா நிமிர்ந்தாள். மழையில் முகம் நனைந்திருந்தது.

"பக்கத்துல யாரோ ஒக்காந்துகினு கன்னத்துல தட்டுனாங்க மாமா. தூங்காதடி, தூங்காதடின்னு."

"யாரு?"

அவள் என்னையே பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"கையில எலுமிச்ச சோப்பு வாசன."

*

மாமா வந்தார். மகளைத் தடவித் தடவிப் பார்த்தார். ஏன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நான் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் மல்லாந்து படுத்தார். பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு இழுக்கும் சத்தம். கம்பி அறுந்தது.

எழுந்து வந்தார். கருகி வளைந்த தகரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் கரியைத் துடைத்தார்.

ரோஜாப்பூ.

"இது நம்ம வூட்டு டப்பாவாச்சே."

ஒரு பஸ் கடந்து போனது. ஜன்னல்களில் வரிசையாக முகங்கள்.

"தொலஞ்சிப் போச்சுன்னு சொன்னீங்க உங்க அத்தை கனகத்தாண்ட."

"கசியுதுன்னு ஜோதி சொன்னா மாமா," என்றேன். "திரும்பிடலாம்னு சொன்னா. நான்தான் போலாம்னேன். கண்ணாடிய எறக்கச் சொன்னா. எறக்கல."

அவர் அடிக்கவில்லை. அடித்துவிடுவார் என்று லோகேஷ் குறுக்கே வந்து நின்றான். மாமா அவனை மெதுவாக விலக்கினார்.

"மலைக் காத்து ஒத்துக்கலன்னு ஊரு முழுக்க நானே சொல்லிகினு திரிஞ்சேன்," என்றார். தகரத்தை என்னிடம் நீட்டினார். "நீயே போயி அவகிட்ட குடு. நான் குடுக்க மாட்டேன்."

முதல் முறையாக நீ என்றார்.

நேற்று அப்படிச் சுட்டது. என் கைக்கு வந்தபோது தகரம் சில்லென்று இருந்தது.

மண்ணூர் வீட்டில் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தகரத்தை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் கை துலக்குவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் தகரத்தை எடுத்துத் தண்ணீரில் முக்கி, நாரால் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். ரோஜா கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து வந்தது. முந்தானையால் ஈரம் ஒற்றி என் மடியில் வைத்தார்.

"டப்பா கெடச்சிடுச்சு. எட்துகினு போ. இனிமே இந்த வூட்டுக்கு வராத."

*

காரை உடைக்கக் கொடுத்துவிட்டேன். பின் கதவைக் கழற்றியவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடியின் உள்பக்கம் விரல் தடம் துடைத்தாலும் போகவில்லை என்று சொன்னான். அதையும் உடைக்கச் சொன்னேன். என் கண்ணெதிரே உடைத்தான்.

இப்போது நைட் ஷிஃப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பகலில் தூங்குகிறேன். தகரம் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட முடியவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பை நிறுத்திவிட்டேன். சாப்பாடு கேன்டீனில். எரிவது என்று வீட்டில் எதுவும் இல்லை. விளக்குகூட ஏற்றுவதில்லை.

ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்துத் தூங்குவேன். இரண்டு அறைகளிலும், எல்லா ஜன்னல்களையும், அகலமாக.

போன வாரம் நடுப்பகலில் கண் விழித்தபோது அறை மங்கலாக இருந்தது. இரண்டு பொட்டும் தெறித்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. காற்று சாத்தியிருக்கும் என்று எழுந்து போய்த் திறந்தேன்.

காற்று கொக்கி போடாது.

மறுநாள் ஜன்னல்கள் மூடாதபடி கொக்கிகளைக் கயிற்றால் கட்டிவிட்டுப் படுத்தேன். விழித்தபோது கயிறு மடித்து ஜன்னல் மேடையில் வைக்கப்பட்டிருந்தது. அத்தை துணி மடிப்பது போல. ஜோதியும் அப்படித்தான் மடிப்பாள்.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்தேன். சமையலறையில் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் படுத்தேன். தூங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தபோது எல்லாம் மூடியிருந்தன. தலையைத் தூக்க முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனேன். கொக்கியைத் தூக்கக் கை வைத்தேன். விரலில் ஏதோ ஈரம் ஒட்டியது.

மஞ்சள் பெயின்ட்.

கொக்கியின் மேல் ஒரு புள்ளி. புள்ளிக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு.

அவள் மார்க்தான்.

கொக்கியைத் தூக்கினேன். எழும்பவில்லை. மறுபடி தூக்கினேன். டக். டக். எனக்குப் பின்னால், கட்டிலில், யாரோ திரும்பிப் படுக்கும் சத்தம். எலுமிச்சை வாசனை. ரொம்ப அன்பாக, அரைத் தூக்கத்தில் சொல்வது போல ஒரு குரல்.

"தூசி வரும். தூங்கு."